சானடோரியமும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பொடியும்

பீச்லேருந்து வர்ற மின்சார ரயில்ல குரோம்பேட்டை தாண்டினதும் வர்ற ஸ்டேஷன் பேரு என்னன்னு எல்லாருக்கும் தெரியும். தாம்பரம் சானடோரியம். எங்க வீட்டுல மட்டும் அந்தப் பேரை யாரும் சொல்ல மாட்டாங்க. அம்மாவுக்கு அங்க ஒரு கல்யாணத்துக்குப் போகணும்னா "குரோம்பேட்டைக்கு அடுத்தது"ன்னுதான் சொல்லுவாங்க. சின்ன வயசுல நான் இதைக் கவனிச்சதே இல்லை. காரணம் தெரிஞ்சதே போன வருஷம்தான், அதுவும் ஒரு ரத்தப் பரிசோதனையால.

அம்மாவுக்கு 78 வயசு. பத்து வருஷமா முடக்குவாதம். கைவிரல் எல்லாம் வளைஞ்சு, காலையில எழுந்தா டம்ளரைப் பிடிக்கவே ஒரு மணி நேரம் ஆகும். மாத்திரை எதுவும் கேக்காம போகவே டாக்டர் புது வகை ஊசி ஒண்ணு போட்டுப் பாக்கலாம்னு சொன்னார். டி.என்.எஃப்.னு நம்ம உடம்புல ஒரு புரதம் இருக்கு. வீக்கத்தைக் கிளப்பி விடறதே அதுதான். அந்த ஊசி அதை அடக்கும். "ஆனா அதுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட் எடுக்கணும். வீட்டுல யாருக்காவது டி.பி. இருந்திருக்கா?"ன்னு கேட்டார்.

நான் "இல்லை"ன்னேன். அம்மா தரையையே பாத்துக்கிட்டிருந்தாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு, "எங்க அப்பாவுக்கு இருந்தது"ன்னாங்க.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. தாத்தா "நெஞ்சு வலியில போயிட்டார்"னுதான் இத்தனை வருஷமா கேட்டிருக்கேன்.

சரி, அந்தக் கதைக்கு வர்றதுக்கு முன்னாடி சானடோரியத்தோட கதையைச் சொல்லிடறேன். ரெண்டும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு.

1928-ல டாக்டர் டேவிட் சவுரிமுத்து தாம்பரத்துக்குப் பக்கத்துல பச்சைமலை அடிவாரத்துல 12 படுக்கையோட ஒரு காசநோய் விடுதி ஆரம்பிச்சார். மனுஷன் சாதாரண ஆள் இல்லை. இங்கிலாந்துல மெண்டிப் மலைப் பகுதியில ஒரு சானடோரியம் நடத்தினவர். கணித மேதை ராமானுஜன் 1917 வாக்குல உடம்பு முடியாம போனப்போ கொஞ்ச நாள் அங்கதான் இவர்கிட்ட இருந்தார். (ராமானுஜனுக்கு வந்தது டி.பி.யே இல்லை, அமீபாவால கல்லீரல்ல வந்த நோய்னு 1994-ல ஒரு ஆய்வு சொல்லுது. நோயைக் கண்டுபிடிக்கற சோதனை சரியில்லாட்டி என்ன ஆகும்ங்கறதுக்கு இதைவிட பெரிய உதாரணம் வேணுமா?)

அந்தக் காலத்துல காசநோய்க்கு மருந்தே கிடையாது. ராபர்ட் காக் 1882-லயே கிருமியைக் கண்டுபிடிச்சுட்டார், ஆனா கொல்ல வழி தெரியலை. நல்ல காத்து, வெயில், பால், முட்டை, ஓய்வு. இவ்வளவுதான் வைத்தியம். அதனாலதான் ஊருக்கு வெளியே, மலையடிவாரத்துல இடம் பாத்தாங்க. இப்போ இருக்கற தாம்பரத்தைப் பாத்துட்டு "நல்ல காத்தா?"ன்னு சிரிக்காதீங்க. அப்போ அது காடு. 1937-ல அரசாங்கம் அதை எடுத்துக்கிச்சு. பிறகு படுக்கை நூத்துக்கணக்குல பெருகுச்சு.

எங்க தாத்தா அங்க போனது 1953-ல. பல்லாவரத்துல வீடு, தோல் பதனிடற கம்பெனி ஒண்ணுல கணக்கு வேலை. அம்மாவுக்கு அப்போ ஆறு வயசு. ஒரு வருஷத்துக்கு மேல அங்க இருந்திருக்கார். பாட்டி மாசத்துக்கு ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வருவாங்களாம். குழந்தைகளைக் கூட்டிக்கிட்டுப் போனதே இல்லை. தாத்தா உயிரோட திரும்பி வந்தார். அதுதான் விஷயம், அவர் பொழைச்சுதான் வந்தார். ஆனா வீட்டுக்குள்ள வரலை. திண்ணையிலதான் படுக்கை. தனித் தட்டு, தனி டம்ளர். நீலக் கரை போட்ட எனாமல் டம்ளராம். அதைப் புள்ளைங்க யாரும் தொடக்கூடாது. எட்டு வருஷம் அப்படியே இருந்து 1962-ல போயிட்டார்.

"அவர் ஒரு நாள் கூட என்னைத் தூக்கினதில்லைடா. நான் கிட்டப் போனா அவரே எழுந்து நகர்ந்து போயிடுவாரு"ன்னு அம்மா சொன்னாங்க. 78 வயசுல சொல்றாங்க.

இதுக்கப்புறம் நான் சும்மா இருக்க முடியலை. தேடிப் படிச்சேன். படிச்சதுல ஒரு விஷயம் என்னைத் தூங்க விடலை.

1956-ல சேத்துப்பட்டுல ஒரு ஆய்வு மையம் ஆரம்பிச்சாங்க. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நாலும் சேர்ந்து நடத்தினது. தலைமை வாலஸ் ஃபாக்ஸ்ங்கற ஆங்கிலேய டாக்டர். கேள்வி ரொம்ப எளிமையானது: புது மாத்திரைகள் வந்தாச்சு, இனிமே காசநோயாளியைச் சானடோரியத்துல அடைச்சு வைக்கணுமா? வீட்டுலயே வச்சு மாத்திரை குடுத்தா போதாதா?

நகரத்து ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில ரெண்டாப் பிரிச்சாங்க. ஒரு பாதி வீட்டுல. இன்னொரு பாதி எங்க தெரியுமா? நம்ம தாம்பரம் சானடோரியத்துல. ரெண்டு பேருக்கும் ஒரே மருந்து, ஐசோநியாசிட்டும் பி.ஏ.எஸ்.ஸும், ஒரு வருஷம். சானடோரியத்துல நல்ல சாப்பாடு, முழு ஓய்வு. வீட்டுல இருந்தவங்க ஒண்டுக்குடித்தனம், அரை வயித்துச் சாப்பாடு, சில பேர் வேலைக்கும் போய்க்கிட்டிருந்தாங்க.

1959-ல முடிவு வெளியாச்சு. வருஷ முடிவுல நோய் அடங்கினவங்க வீட்டுல நூத்துக்கு 86 பேர், சானடோரியத்துல 92 பேர். மருத்துவக் கணக்குப்படி பெரிய வித்தியாசம் இல்லை. இதைவிட முக்கியமானது, வீட்டுல வச்சுப் பாத்த நோயாளிகளோட குடும்பத்துல மத்தவங்களுக்கு நோய் அதிகமா வரலை. அஞ்சு வருஷம் தொடர்ந்து பாத்தும் அதேதான். தொத்தறது பெரும்பாலும் நோய்னு தெரியறதுக்கு முன்னாடியே தொத்திடுது. மருந்து ஆரம்பிச்சாச்சுன்னா சீக்கிரமே அந்த ஆபத்து குறைஞ்சிடுது. தட்டு டம்ளர் மூலமா காசநோய் பரவறதே கிடையாது, அது காத்துலதான் வரும்.

இந்த ஒரு ஆய்வு உலகம் பூரா சானடோரியங்களை மூட வச்சுது. சேத்துப்பட்டும் தாம்பரமும் ஒரே ரயில் பாதை. பல்லாவரம் ரெண்டுக்கும் நடுவுல. 1959-ல முடிவு வந்தப்போ எங்க தாத்தா திண்ணையில இருந்தார். இன்னும் மூணு வருஷம் இருந்தார். எனாமல் டம்ளரும் இருந்துச்சு. யாரும் வந்து சொல்லலை.

சரி, சோதனை விஷயத்துக்கு வருவோம்.

ஏன் அந்த முடக்குவாத ஊசிக்கு முன்னாடி டி.பி. டெஸ்ட்? காசநோய்க் கிருமி உள்ள போன எல்லாருக்கும் நோய் வர்றதில்லை. பத்துப் பேர்ல ஒருத்தருக்கு வந்தாலே அதிகம். மத்தவங்க உடம்புல வெள்ளணுக்கள் கிருமியைச் சுத்தி ஒரு கோட்டை கட்டி உள்ள அடைச்சு வச்சிடும். வருஷக்கணக்குல அது தூங்கும். அந்தக் கோட்டை இடியாம தாங்கிப் பிடிக்கற ஆட்கள்ல டி.என்.எஃப். ஒண்ணு. அதை ஊசி போட்டு அடக்கினா கோட்டை இடியும், கிருமி வெளிய வரும். 2001-ல இப்படி ஒரு ஊசி போட்டுக்கிட்ட 70 பேருக்குக் காசநோய் வந்ததைக் கணக்கெடுத்து எழுதினாங்க. அன்னியிலேருந்து இந்த டெஸ்ட் இல்லாம அந்த ஊசி கிடையாது.

தூங்கற கிருமியை எப்படிக் கண்டுபிடிக்கறது? சளியில இருக்காது, எக்ஸ்ரேயிலயும் தெரியாது. நூறு வருஷமா இருந்த ஒரே வழி, கையில ஊசி போட்டு ரெண்டு மூணு நாள் கழிச்சு வீக்கத்தை அளக்கறது. மாந்து டெஸ்ட். 1908-லேருந்து இருக்கு. தொல்லை என்னன்னா, பி.சி.ஜி. போட்டிருந்தாலும் வீங்கும், மண்ணுலயும் தண்ணியிலயும் இருக்கற ஒண்ணுவிட்ட சொந்தக்காரக் கிருமிகளுக்கும் வீங்கும். நம்ம ஊர்ல இந்தச் சொந்தக்காரங்க ஜாஸ்தி. 1968-ல பழைய செங்கல்பட்டு மாவட்டத்துல பி.சி.ஜி.க்கு ஒரு மாபெரும் சோதனை நடத்தினாங்க. லட்சக்கணக்கான மக்கள். 1979-ல முடிவு வந்தப்போ பெரியவங்களோட நுரையீரல் காசநோய்க்குத் தடுப்பூசியால பாதுகாப்பு இல்லைன்னு தெரிஞ்சு உலகமே அதிர்ந்துது. இந்த மண்ணுக் கிருமிகளும் அதுக்கு ஒரு காரணமா இருக்கலாம்னு பல பேர் நினைக்கறாங்க. (குழந்தைகளுக்கு வர்ற மூளைக் காய்ச்சல் மாதிரி கொடிய வகைக் காசநோய்க்கு பி.சி.ஜி. உதவும். அதனால குழந்தைக்குப் போடாம விட்டுடாதீங்க.)

இங்கதான் என் தம்பி பொண்ணு கதைக்குள்ள வர்றா. உயிரியல்ல ஆராய்ச்சி மாணவி. தென்சென்னைப் பக்கம் ஒரு லேப்ல வேலை. பாட்டியோட டெஸ்ட் பேரைக் கேட்டதும், "அட பெரியப்பா, இது காமா இண்டர்ஃபெரானைத்தானே அளக்கறாங்க! நான் தினம் அதோடதான் மாரடிக்கறேன்"னா.

ஒரு ஞாயித்துக்கிழமை லேப்புக்குக் கூட்டிக்கிட்டுப் போய்க் காட்டினா. சுண்டுவிரல் அளவு குப்பி. உள்ள ஒண்ணுமே இல்லை! தூக்கிப் பிடிச்சுப் பாத்தேன், அடியில லேசா ஒரு வெள்ளைப் படலம் மாதிரி. "கிராமை பத்து லட்சமாப் பிரிச்சா ஒரு பங்கு மைக்ரோகிராம். அதுல சில பத்து இருக்கும். தும்மிடாதீங்க, என் கைடு என்னைக் கொன்னுடுவார்"னா. லேபிள்ல ஆராய்ச்சிக்கு மட்டும், மனுஷங்களுக்குக் குடுக்கக்கூடாதுன்னு போட்டிருந்துச்சு. மனுஷப் புரதம்தான், ஆனா மனுஷங்கிட்டேருந்து எடுத்தது இல்லை.

அவ சொன்னதையும் நான் படிச்சதையும் சேர்த்துச் சொல்றேன்.

1957-ல லண்டன்ல ஐசக்ஸும் லிண்டன்மானும் ஒரு விஷயம் கண்டுபிடிச்சாங்க. வைரஸ் தாக்கின செல் ஏதோ ஒண்ணை வெளிய விடுது, அது பக்கத்துச் செல்களை உஷார்ப்படுத்துது. அதுக்கு இண்டர்ஃபெரான்னு பேர் வச்சாங்க. 1965-ல வீலாக்ங்கறவர் வெள்ளணுக்கள் விடற கொஞ்சம் வேற மாதிரியான ஒண்ணைப் பாத்தார். அதுதான் பின்னால காமா இண்டர்ஃபெரான் ஆச்சு. கடுதாசி மாதிரின்னு வச்சுக்குங்களேன். டி செல்ங்கற வெள்ளணு, தனக்கு முன்னாடியே பழக்கமான கிருமியைப் பாத்ததும் இந்தக் கடுதாசியை எழுதிப் போடும். கிருமியை முழுங்கி வச்சிருக்கற பெரிய செல் அதை வாங்கிப் படிச்சுட்டு, உள்ள இருக்கறதைத் தாக்க ஆரம்பிக்கும்.

இந்தக் கடுதாசி இல்லாட்டி என்ன ஆகும்? 1993-ல அந்த மரபணுவை எடுத்துட்ட எலிகளுக்குக் காசநோய்க் கிருமியைக் குடுத்துப் பாத்தாங்க. சீக்கிரமே செத்துப்போச்சு. 1996-ல மனுஷங்கள்லயே சில குடும்பங்களைக் கண்டுபிடிச்சாங்க. கடுதாசி வருது, வாங்கற தபால் பெட்டிதான் இல்லை. அந்தக் குழந்தைகளுக்கு பி.சி.ஜி. தடுப்பூசியில இருக்கற சாதுக் கிருமி கூட எமனாச்சு.

பழைய காலத்துல இந்தப் புரதத்தை ஆராயணும்னா லிட்டர் லிட்டரா ரத்தம் வேணும், கிடைக்கறதோ துளி, அதுவும் கலப்படம். 1982-ல அமெரிக்காவுல ஜெனன்டெக் கம்பெனியில பேட்ரிக் கிரேயும் டேவிட் கோடலும் இதோட மனுஷ மரபணுவைப் பிரிச்செடுத்து ஈ.கோலை பாக்டீரியாவுக்குள்ள வச்சாங்க. நம்ம குடல்ல இருக்கற அதே ஜாதிக் கிருமிதான். அது தான் பாட்டுக்கு வளர்ந்துக்கிட்டே மனுஷப் புரதத்தையும் செஞ்சு குடுத்துச்சு. மரபணுவை ஒட்டவச்சு எடுக்கற இந்த வகைக்குத்தான் ரீகாம்பினன்ட்னு பேர். சுமார் 143 அமினோ அமிலம், ரெண்டு ரெண்டா ஜோடி சேர்ந்தாதான் வேலை செய்யும். நம்ம செல் செஞ்சா மேல கொஞ்சம் சர்க்கரை ஒட்டியிருக்கும், பாக்டீரியாவுக்கு அந்த வித்தை தெரியாது. ஆனா சர்க்கரை இல்லாமலேயே கடுதாசி படிக்க முடியுது.

"அப்போ இதையே டி.பி.க்கு மருந்தாக் குடுக்கலாமே?"ன்னு நான் பெரிய மேதாவி மாதிரி கேட்டேன்.

"குடுத்துப் பாத்தாங்க பெரியப்பா. 1997-ல மருந்துக்கு அடங்காத டி.பி. உள்ள அஞ்சு பேருக்கு மூக்கு வழியா இழுக்க வச்சாங்க. கொஞ்சம் நல்லாத் தெரிஞ்சுது. அப்புறம் பெருசா பண்ணப்போ பலன் இல்லை. எலியோட செல் இந்தக் கடுதாசியைப் படிச்சா கிருமியைக் கொல்லுது. மனுஷ செல் படிச்சுட்டு யோசிக்குது"ன்னா.

மருந்தா ஜெயிக்காதது அளவுகோலா ஜெயிச்சுது. ஆரம்பிச்சது மாட்டுலேருந்து! ஆஸ்திரேலியாவுல மாட்டுக் காசநோயைக் கண்டுபிடிக்க 1990 வாக்குல ஒரு வழி செஞ்சாங்க. ரத்தத்தை எடுத்து, அதுல கிருமியோட புரதத்தைப் போட்டு, வெள்ளணு கடுதாசி எழுதுதான்னு பாக்கறது. எழுதினா, அந்த உடம்பு கிருமியை ஏற்கெனவே பாத்திருக்கு. அதையே மனுஷனுக்குக் கொண்டுவந்தாங்க. 2001-ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்சுது. அடுத்து வந்த டெஸ்ட்டுல பி.சி.ஜி. கிருமியில இல்லாத ரெண்டு புரதத்தை மட்டும் போட ஆரம்பிச்சதால, தடுப்பூசி குழப்பமும் போச்சு.

அம்மா கிட்ட நாலு சின்ன ட்யூப்ல ரத்தம் எடுத்தாங்க. ஒண்ணு சும்மா. ரெண்டுல கிருமிப் புரதம். நாலாவதுல எல்லா வெள்ளணுவையும் கிளப்பி விடற மருந்து, செல்லுக்கு உயிர் இருக்கான்னு பாக்க. ராத்திரி முழுக்க உடம்புச் சூட்டுல வச்சு, மறுநாள் காமா இண்டர்ஃபெரானை அளப்பாங்க. எதோட ஒப்பிட்டு அளக்கறது? அளவு தெரிஞ்ச ஒரு காமா இண்டர்ஃபெரான் வேணுமில்லையா? அதுதான் அந்தக் குப்பிப் பொடியோட அண்ணன் தம்பி. பாக்டீரியா செஞ்சு குடுத்த மனுஷப் புரதம் படிக்கல்லு மாதிரி ஒரு தட்டுல, அம்மாவோட ரத்தம் இன்னொரு தட்டுல.

முதல் தடவை "முடிவு சொல்ல இயலாது"ன்னு வந்துச்சு. நாலாவது ட்யூப்லயே ஒண்ணும் கிளம்பலை. ரத்தம் எடுத்த இடத்துலேருந்து லேப்புக்குப் போக நாள் முழுக்க ஆகியிருக்கு, போதாததுக்கு அம்மா ஸ்டீராய்டு வேற சாப்பிடறாங்க. "செத்த செல் எப்படிக் கடுதாசி போடும்?"னு தம்பி பொண்ணு திட்டிட்டு, வேற இடத்துல அவளே கூட நின்னு எடுக்க வச்சா. இந்தத் தடவை பாசிட்டிவ். எல்லைக்கோடு 0.35, அம்மாவுக்கு 2.1.

இதுல நம்ம சானடோரியத்தோட இன்னொரு அத்தியாயத்தையும் சொல்லணும். 1986-ல சென்னையில டாக்டர் சுனிதி சாலமனும் அவரோட மாணவி நிர்மலாவும் இந்தியாவோட முதல் ஹெச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டுபிடிச்சாங்க. அந்த வைரஸ் அழிக்கறது கடுதாசி எழுதற அதே டி செல்லைத்தான். கடுதாசி நின்னா கோட்டை இடியும், தூங்கற டி.பி. எழுந்துக்கும். அதனாலதான் ஹெச்.ஐ.வி. உள்ளவங்க இருமிக்கிட்டே வந்தாங்க. 1990-கள்ல பல ஆஸ்பத்திரிகள் அவங்களைத் தொடவே யோசிச்சப்போ, தாம்பரம் சேர்த்துக்கிச்சு. டாக்டர் தெய்வநாயகம் காலத்துல சித்த மருந்தும் சேர்த்துக் குடுத்துப் பாத்தாங்க. 2004 ஏப்ரல் 1-ம் தேதி நாட்டுல இலவச ஹெச்.ஐ.வி. கூட்டு மருந்து ஆரம்பிச்ச முதல் எட்டு ஆஸ்பத்திரிகள்ல தாம்பரமும் ஒண்ணு. ஒரு தலைமுறை திண்ணையில படுக்க வச்சவங்களுக்கு இடம் குடுத்த ஊர், அடுத்த தலைமுறைக்கும் குடுத்துச்சு.

ரிசல்ட் வந்த அன்னிக்கு அம்மா கேட்டது ஒரே கேள்வி. "அப்பாகிட்டேருந்து வந்ததா?"

உண்மையைத்தான் சொன்னேன். தெரியாதும்மா, எந்த டெஸ்ட்டாலயும் சொல்ல முடியாது. கிருமி உள்ள வந்திருக்குன்னு சொல்லும். எப்போ, யார்கிட்டேருந்துன்னு சொல்லாது. உலகத்துக் காசநோயாளிகள்ல ஏறக்குறைய நாலுல ஒருத்தர் நம்ம நாட்டுல. 70 வருஷம் பஸ்ஸுலயும் ரயில்லயும் போன உடம்பு. யாரா வேணா இருக்கலாம். ஒருவேளை தாத்தாவா இருந்தா, அது அவர் சானடோரியம் போறதுக்கு முன்னாடி, உங்களைத் தூக்கி வச்சிருந்த காலத்துலதான்.

அம்மா ரொம்ப நேரம் பேசலை. அப்புறம், "அப்போ முன்னாடி தூக்கியிருக்காருல்ல?"ன்னாங்க.

எக்ஸ்ரே சுத்தமா இருந்துச்சு. நோய் இல்லை, தூங்கற கிருமிதான். ஆறு மாசம் தினம் ஒரு மாத்திரை, கூட பி6 வைட்டமின், நடுவுல கல்லீரல் டெஸ்ட். மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாத்தேன். ஐசோநியாசிட். 1956-ல சேத்துப்பட்டுல வீட்டுக்கு வீடு குடுத்து அனுப்பின அதே மாத்திரை.

ஒரு மாசம் கழிச்சு முடக்குவாத ஊசியும் ஆரம்பிச்சாங்க. இப்போ காலையில டம்ளரை அவங்களே பிடிக்கறாங்க. போன வாரம் செங்கல்பட்டுல ஒரு விசேஷம். ரயில்ல போனோம். குரோம்பேட்டை தாண்டினதும் அம்மா ஜன்னல் வழியா எட்டிப் பாத்து, "சானடோரியம் வந்துடுச்சு"ன்னாங்க.

உங்க வீட்டுலயும் இப்படி ஒரு "நெஞ்சு வலி" தாத்தா இருக்கலாம். பெரியவங்களைக் கேட்டு வச்சுக்குங்க. டாக்டர் கேக்கறப்போ சொல்லிடுங்க. மறைக்க ஒண்ணுமில்லை.